முதல் வரி: உ

கோப்பொழுங்கு வாரியத்தின் மாவட்ட அலுவலகம், இரண்டாம் தளம், விசாரணை அறை. வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. இருந்தவர்களும் அவர்கள் இருந்த இடமும் வருமாறு:

நீள மேசைக்குப் பின்னால், மின்விசிறிக்கு நேர் கீழே, ஒழுங்கு அலுவலர் கவின்முகில். வேலையில் சேர்ந்து மூன்று வாரம். நெற்றிச் சந்தனம் இன்னும் காயவில்லை. அவருக்கு வலப்பக்கம், செம்மை நிறுவனத்தின் பிரதிநிதி ஆத்விக். தன் நாற்காலி சுழலக்கூடியது என்பதை அவர் ஒரு நிமிடம்கூட மறக்கவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் முக்காலியில் மனுதாரர் தர்ஷினி. சன்னலோர பெஞ்சில் அவள் மகள் இசைநிலா, வயது பதினான்கு. தர்ஷினிக்குப் பக்கத்தில், ஒரு கை உடைந்த நாற்காலியில் நான், சுகந்தி. கலெக்டர் அலுவலகச் சுவரோரம் மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பவள். ஊரில் ரைட்டரம்மா என்றால்தான் தெரியும். வாசலில் தபேதார் ஜெபஸ்டின். அவர் உட்காரவில்லை. வாசலில் நாற்காலி கிடையாது. அவருடைய இருபத்தாறு வருஷ வேலையில் எந்த வாசலிலும் கிடையாது.

இதையெல்லாம் இப்படி வரிசைப்படுத்தி எழுதுவதற்குக் காரணம் உண்டு. நாளைக் காலைக்குப் பிறகு, அந்த அறையில் நடந்த எதுவும் அவர்கள் பதிவில் இருக்காது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நாடெங்கும் கோப்புக் கிடங்குகள் கட்டினார்கள். ஊர்ப்பட்ட பேருடைய போட்டோவும் காகிதமும் கிடந்த அந்த இயந்திரங்கள் சூடேறாமல் இருக்க ஆற்றுத் தண்ணீர் போயிற்று. எங்கள் தெருவுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர். கிடங்குக்கு மூன்று வேளையும் தண்ணீர். ஜனங்கள் கூச்சல் போட்ட பிறகு ஒற்றைப் பிரதிச் சட்டம் வந்தது. ஒரு விஷயத்துக்கு ஒரு கோப்பு, ஒரே இடத்தில். வீட்டுக் கம்ப்யூட்டரானாலும் ஆபீஸ் கம்ப்யூட்டரானாலும் செம்மை என்கிற மென்பொருள் உள்ளே போய், ஒவ்வொரு கோப்புக்கும் தானே பெயர் வைத்து, ஒன்றுபோல் இருப்பதை ஒன்றாக்கி, மிச்சத்தை அழித்துவிடும். காகிதத்தில் நகல் எடுத்தால் அதுவும் இரண்டாம் பிரதி, அதற்கும் தடை. ஃபோல்டர் என்ற பழக்கத்தையே ஒழித்துவிட்டார்கள்.

நான் அந்தச் சட்டத்தை வரவேற்றவள். மறைக்கப் போவதில்லை. வாழ்த்துக் கடிதமே போட்டேன். மனு எழுத வருகிறவர்கள் கொண்டுவந்து நீட்டும் கம்ப்யூட்டரைப் பார்த்திருந்தால் நீங்களும் போட்டிருப்பீர்கள். 'புது ஃபோல்டர்', 'புது ஃபோல்டர் இரண்டு', அதற்குள் இன்னொரு 'புது ஃபோல்டர்'. பட்டா நகல் வளைகாப்புப் படங்களுக்கு நடுவில் கிடக்கும். 'ஃபைனல்', 'ஃபைனல் ஒரிஜினல்', 'இதுதான் ஃபைனல்' என்று மூன்று இருக்கும். மூன்றும் பாதியில் நிற்கும். வீடு மாறி வந்த மூட்டையை அவிழ்க்காமலே குடித்தனம் நடத்துகிறவர்கள் இவர்கள். ஒருவர் மீதும் எனக்கு மரியாதை இருந்ததில்லை.

தர்ஷினி அப்படியில்லை. இசைநிலாவுக்கு மூன்று வயதில் முதன்முதலாக வலிப்பு வந்த வாரம் என்னிடம் வந்தாள். "அக்கா, டாக்டர் தினமும் குறிச்சு வைக்கச் சொல்றாரு. எப்படி வைக்கிறது?" என்றாள். வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் மாதத்துக்கு ஒன்று, அதற்குள் நாளுக்கு ஒரு கோப்பு. கோப்பின் உச்சியில் நடுவாகப் பிள்ளையார் சுழி, அடுத்த வரியில் தேதி, அதன் கீழே விஷயம். எட்டாம் வகுப்பில் எனக்குக் கடிதம் எழுதப் பழக்கிய முறை அதுதான்; இன்றுவரை மாற்றியதில்லை. அவளும் மாற்றவில்லை. பதினோரு வருஷம், நாலாயிரத்துப் பதினெட்டு கோப்பு. எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, வலிப்பு எத்தனை நிமிடம், கண் எந்தப் பக்கம் போயிற்று, முந்தின நாள் என்ன சாப்பிட்டாள். அவ்வளவு நேர்த்தியான அடுக்கை நான் வேறு யார் வீட்டிலும் பார்த்ததில்லை. பெருமையாக நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அலுவலர் தொண்டையைச் செருமினார்.

"இது என்னோட முதல் விசாரணை. அதனால நிதானமாவே கேக்கறேன். ஒண்ணு சொல்லணும் மேடம். மொத்த மாவட்டத்துலயும் நம்ம வாரியத்துக்கு எத்தனை மனு வந்திருக்கு தெரியுமா? மூணே மூணு."

சுவர்த் திரையில் பெரிதாக இருந்தது: நிலுவை மனுக்கள்: 3.

நான் பேனாவை மூடி வைத்தேன். என் ஏட்டின்படி இந்த வாரியத்துக்கு நான் ஒருத்தியே முந்நூற்று நாற்பத்தொன்று எழுதியிருக்கிறேன்.

"அதுலயும் பாருங்க" என்றார் அலுவலர், மேசையில் விரலால் தாளம் போட்டபடி. "ஒரு இந்து, ஒரு முஸ்லிம், ஒரு கிறிஸ்டியன். அளந்து வெச்ச மாதிரி. நம்ம மாவட்டத்தோட அழகே அதான்."

ஆத்விக் அரை வட்டம் சுழன்று சிரித்தார். எனக்கு அப்போது ஒன்றும் பிடிபடவில்லை.

"சரி, விஷயத்துக்கு வருவோம். உங்க மகளோட மருந்து அட்டையை எதுக்கு நிறுத்தினாங்கன்னு கேட்டிருக்கீங்க. பதிவைப் போடுங்க ஆத்விக்."

திரையில் வந்தது இவ்வளவுதான்:

உ
மார்ச் 9
இன்று ஒன்றும் இல்லை.

"பதிவுல நோயே இல்லையேம்மா" என்றார் அலுவலர்.

தர்ஷினி முக்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். "சார், அது செம்மை வர்றதுக்கு முந்தின நாள், ஒரே ஒரு நாள். மீதி நாலாயிரத்துப் பதினேழு நாள் எங்க சார்?"

"அதெல்லாம் பழைய வெர்ஷன்க்கா" என்றார் ஆத்விக். "ஒரே டாகுமென்டை நீங்க நாலாயிரம் தடவை திருத்தி சேவ் பண்ணி வெச்சிருந்தீங்க. செம்மை கடைசித் திருத்தத்தை வெச்சுக்கிட்டு மிச்சத்தை க்ளீன் பண்ணிடுச்சு. அதுக்குத்தானே அது இருக்கு?"

"திருத்தம் இல்ல தம்பி. ஒவ்வொண்ணும் ஒரு நாளு."

"பேர் ஒண்ணா இருக்கே?"

"பேருக்குத் தேதி போட்டிருந்தாளே" என்றேன் நான். "வருஷம், மாசம்னு ஃபோல்டர் இருந்துச்சே."

ஆத்விக் என் பக்கம் முழுசாகச் சுழன்றார். ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிற முகம். "ஆன்ட்டி, ஜனங்க வைக்கிற பேரை நம்பினா விளங்குமா? ஃபோல்டர் பேர், ஃபைல் பேர் எதையும் செம்மை பாக்காது. உள்ள இருக்கிற முதல் வரிதான் டைட்டில். டைட்டில் ஒண்ணுன்னா டாகுமென்ட் ஒண்ணு. கடைசியா வந்தது எதுவோ அது நிக்கும். சிம்பிள்."

"முதல் வரி..."

"ஏதோ உ-ன்னு இருக்கு."

ஏதோ உ. அவர் தாத்தா இருந்திருந்தால் மளிகைச் சீட்டில்கூட அதைப் போட்டுத்தான் தொடங்கியிருப்பார். இவர் தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்து, தமிழ்க் கோப்புகளைத் தரம் பிரிக்கிற வேலைக்குச் சம்பளமும் வாங்குகிறவர்.

தர்ஷினி என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தச் சுழியை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

"ஆஸ்பத்திரியில பழைய சீட்டு இருக்குமே" என்றார் அலுவலர்.

"வீட்டுல ஒரு பிரதி இருக்குன்னு சொல்லி அவங்க அழிச்சுட்டாங்க சார். சட்டம்னாங்க." அவள் குரல் இறங்கிவிட்டது. "புது டாக்டர் கேக்கறாங்க, முன்னால கொடுத்துப் பாத்த ரெண்டு மாத்திரையில எது கொடுத்தப்ப பிள்ளைக்கு மூச்சு நின்னுச்சுன்னு. வெள்ளை வட்டமா, மஞ்சள் நீளமான்னு. எனக்குத் தெரியல சார்."

"பெத்த தாய், அது கூடவா ஞாபகம் இல்ல?"

"எழுதி வெச்சாச்சேன்னு மறந்துட்டேன் சார். எழுதறதே அதுக்குத்தானே?"

கவின்முகில் கொஞ்சம் கலங்கினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கலங்குவது வேறு, தெரியாத வழியில் கையெழுத்துப் போடுவது வேறு. அவர் ஆத்விக்கைப் பார்த்தார். ஆத்விக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதிவு என்ன சொல்லுதோ அதைத்தான்மா நான் பாக்க முடியும். அட்டை இந்த மாசத்தோட முடிஞ்சது. இப்பக் கொடுக்கிற மாத்திரை வீட்டுல எத்தனை நாளைக்கு இருக்கு?"

"ஒன்பது நாளைக்கு."

"அதுக்குள்ள புதுசா ஒரு மனு போடுங்க."

அவர் மின்பலகையைத் தன் பக்கம் இழுத்து எழுதுகோலை எடுத்தார். "என் முதல் ஆணை" என்று பொதுவாகச் சொன்னார். பிறகு பலகையின் உச்சியில், நடுவாக, அழகாக ஓர் உ போட்டு, ஒரு நொடி கண்ணை மூடித் திறந்து, கீழே இரண்டு வரி எழுதி முடித்தார்.

சுவரில் 3 போய் 2 வந்தது.

"பாத்தீங்களா, உடனே தீர்வு" என்றார் ஆத்விக்.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தர்ஷினியின் மனு இருந்த வரியைக் காணோம்.

"தம்பி, எனக்கு ஒரு சந்தேகம். தீர்ந்துபோன மனு என்ன ஆகும்?"

"பட்டியல்லயே இருக்கும் ஆன்ட்டி. பச்சை ஆகும்."

"இது பச்சை ஆகலையே. இல்லாமலே போயிடுச்சே."

அவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கினார். "புது வெர்ஷன் வந்திருக்கும். பழசு போயிருக்கும். அதுல என்ன?"

இப்போது விளங்கியது. இந்துக்களுக்கு எழுதும் மனுவில் மேலே உ போடுவேன். முஸ்லிம்களுக்கு 786. கிறிஸ்தவர்களுக்கு ஒரு சின்னச் சிலுவை. அவரவர் வழக்கப்படி தொடங்கினால்தான் எழுதச் சொன்னவருக்குத் திருப்தி. ஒவ்வொரு குவியலிலும் கடைசியாகப் போனது மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஓர் இந்து, ஒரு முஸ்லிம், ஒரு கிறிஸ்டியன். மாவட்டத்தின் அழகு! இந்து மனு இப்போது அலுவலரின் முதல் ஆணைக்கு அடியில் புதைந்துவிட்டது. ஒரு சுழியைப் போட்டுவிட்டுக் கண்ணை வேறு மூடினார்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். அறிக்கை கேட்பார்கள், கூட்டம் போடுவார்கள், தேநீர் வரும், ஒன்பது நாள் போய்விடும். அதனால் சந்தேகம் கேட்கிற கிழவியாகவே இருந்துகொண்டேன்.

"தபால்ல வர்ற கடிதாசியும் இதே கிடங்குக்குத்தான் வருமா தம்பி?"

"வர்றது, போறது, ஆணை, மனு எல்லாம் ஒரே கிடங்கு ஆன்ட்டி. அதான் ஒற்றைப் பிரதி."

"மருந்துக் கடைக்காரன் எதைப் பாப்பான்?"

"அவன் மெஷின் இந்தக் கேஸ் நம்பர்ல எந்த டாகுமென்ட் இருக்கோ அதைப் படிக்கும்."

"கையெழுத்து யாரதுன்னு பாக்காதா?"

"கையெழுத்து வெறும் படம் ஆன்ட்டி. செம்மைக்கு டைட்டிலும் வந்த நேரமும் போதும்." அவர் அலுவலரைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஏன், வேலைக்குச் சேரப் போறீங்களா?"

"இந்த வயசுல எதுக்குப்பா? சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்" என்று சொல்லி நன்றியும் சொன்னேன். எனக்குத் தேவையானதை அவர்போல் முழுசாக யாரும் விளக்கியதில்லை.

வெளியே வராந்தாவில் தர்ஷினி தண்ணீர் பிடிக்கப் போனாள். இசைநிலா என் பக்கத்தில் வந்து நின்றாள். அறைக்குள் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை.

"ரைட்டரம்மா, அம்மாகிட்ட சொல்லாதீங்க."

"எதை?"

"மார்ச் ஒன்பதாம் தேதி வந்துச்சு. ஸ்கூல் பாத்ரூம்ல. வர்ஷா மட்டும்தான் இருந்தா. மறுநாள் டூர். சொன்னா அம்மா விட மாட்டாங்கன்னு, ஒண்ணும் இல்லைன்னுட்டேன்."

"எவ்வளவு நேரம்?"

"நாலு நிமிஷம்னு வர்ஷா சொன்னா."

நாலாயிரத்துப் பதினெட்டு நாளில் ஒரே ஒரு நாள்தான் தப்பாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த மகா புத்திசாலி மென்பொருள் அதைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சம் அத்தனை உண்மையையும் கூட்டிப் பெருக்கிக் கொட்டிவிட்டது.

"டூர் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"பஸ்ஸுல வாந்தி எடுத்தேன்" என்றாள்.

ஜெபஸ்டின் வாசலில் நின்றபடியே எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். தபாலைப் பிரித்து ஸ்கேன் மெஷினில் போடுவது அவர் வேலை. அவரை ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தையும், உ போட்டு நான் எழுதப்போகிற கடிதத்தையும் சொன்னேன். மனிதர் ஒருமுறை கேட்டதும் புரிந்துகொண்டார். உள்ளே நாற்காலியில் இருந்த இருவருக்கும் சேர்த்து அந்த அளவு மூளை இருந்திருந்தால் இந்தக் கதையே வேண்டாம்.

"அப்ப சிலுவை போட்டதுல மிஞ்சினது யாரோடது ரைட்டரம்மா?"

"உம்மோடது இல்ல. உமக்குப் பின்னால பதினேழு பேருக்கு எழுதியிருக்கேன்."

"நாற்காலி கேட்டு நான் கொடுத்தது?"

"போயிடுச்சு."

"அதான் பதிலே வரல. நான் அவங்க யோசிக்கிறாங்கன்னு நெனச்சேன்." கொஞ்ச நேரம் காலை மாற்றி மாற்றி நின்றார். "கையில கொடுத்தா நான் வாங்கக் கூடாது. தபால்ல வரணும். நாளைக்குப் பத்தே காலுக்குப் பிரிப்பேன்."

"அதுக்கப்புறம் வேற எவனாவது உ போட்டு எழுதினா என்னோடது போயிடும் ஜெபஸ்டின். என் வரிசையில இன்னும் நாலு ரைட்டர் இருக்கான். சுழி போடாதேன்னு சொன்னா அடிக்க வருவான்."

"வரட்டும். தினமும் சாயங்காலம் கடைசியா உங்க கடிதாசியை எடுத்து இன்னொரு தடவை மெஷின்ல விடுறேன். எனக்கென்ன, நிக்கிற வேலைதானே?"

சுவரோரத்தில் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். தர்ஷினி எதிரே, இசைநிலா அவள் பக்கத்தில். ஏட்டைப் பிரித்துவைத்துக்கொண்டேன். அதில் மனுவின் நகல் கிடையாது. எண், பெயர், கேட்டது என்ன என்று ஆளுக்கு ஒரு வரி. அனுப்புநர் போடவில்லை, பெறுநர் போடவில்லை. எட்டாம் வகுப்பில் இதற்கு ஒரு மதிப்பெண்கூட விழுந்திருக்காது. உச்சியில், நடுவாக, கட்டைப் பேனாவால் சுழியைப் போட்டேன். அடுத்து வழக்கு எண், தேதி. பிறகு எழுதினேன்:

1. தர்ஷினி மகள் இசைநிலாவின் மருந்து அட்டை தொடரும்.

2. வெள்ளை வட்ட மாத்திரை, மஞ்சள் நீள மாத்திரை இரண்டில் ஒன்று அவள் உயிருக்கு ஆகாது. எது என்ற குறிப்பை இந்த வாரியம் அழித்துவிட்டபடியால், அவளுக்கு இரண்டையுமே கொடுக்கக் கூடாது.

3. பின்பக்கம் கண்ட முந்நூற்று நாற்பத்தொரு பேரும் கேட்டது கேட்டபடி ஏற்கப்படுகிறது.

4. விசாரணை அறை வாசலில் தபேதார் உட்கார ஒரு நாற்காலி போடப்படும். சுழலாவிட்டாலும் பரவாயில்லை.

"அக்கா, இது தப்பில்லையா?" என்றாள் தர்ஷினி. தாளைத் தலைகீழாகவே படித்துவிட்டிருந்தாள். "ஆணை மாதிரி இருக்கே. பிடிச்சா உள்ள போட்டுருவாங்க."

"ஆணைன்னு எங்கயாவது எழுதியிருக்கேனா பாரு. அவரு கையெழுத்தையா போட்டிருக்கேன்? என் பேரு, என் கையெழுத்து. நான் கடிதாசிதான் எழுதறேன். அதை ஆணைன்னு வெச்சுக்கிட்டா அது அவங்க ஒழுங்கு."

அவள் சிரிக்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டு, "எனக்கு அந்த நாலாயிரம் நாளும் வராதில்லக்கா?" என்றாள்.

"வராது."

அவளுக்கு அந்த முறையைக் கற்றுக்கொடுத்த நாளில் என்னிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. ஒரு வரி, அந்த உச்சியில் இருக்கிற ஒரே ஒரு வரி, எதற்கு என்று அவள் கேட்டிருந்தால், "எல்லாரும் போடறது, நீயும் போடு" என்றுதான் சொல்லியிருப்பேன். ஆத்விக்கும் ஏறக்குறைய அதைத்தான் சொல்வார்.

தாளைத் திருப்பிப் பட்டியலை எழுதினேன். முந்நூற்று நாற்பத்தொரு பெயர், பொடி எழுத்தில், இன்னும் மூன்று தாள். முடிக்கும்போது மணி நாலாகிவிட்டது. கையெழுத்துப் போடப் போனபோது இசைநிலா என் கையைப் பிடித்தாள்.

"ஒரு வரி நான் எழுதட்டுமா?"

அவள் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். இசைநிலாவும் அதைப் பார்த்தாள். ஆனாலும் பேனாவை வாங்கி முதல் தாளில் நான்காவதற்குக் கீழே எழுதினாள்:

5. திருத்தம். மார்ச் 9. அன்று வந்தது. நாலு நிமிடம்.

தர்ஷினி அதை ஒருமுறை படித்தாள். மகளின் பின்னந்தலையில் பட்டென்று ஒரு அடி வைத்தாள். பிறகு அந்தக் கையை அங்கேயே வைத்துக்கொண்டாள்.

நான் கையெழுத்துப் போட்டேன். நாலு தாளையும் மூன்றாக மடித்து உறைக்குள் வைத்து, ஓரத்தில் கோந்து தடவி, கட்டைவிரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அழுத்தினேன். தபால் நிலையம் எதிர்ச் சாரியில்தான். கவுண்டரில் இருந்த பெண் உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒழுங்கு வாரியமா? நாளைக்குக் காலையில போயிடும் ரைட்டரம்மா" என்று சொல்லி முத்திரையைக் குத்தி, பின்னால் இருந்த பைக்குள் போட்டாள்.